கொயினாப் பட்டையும் கஷாயச் சட்டியும்

(ஹட்டனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் கோப்பி இருந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கோப்பிக்கும் தேயிலைக்கும் நடுவில் இன்னொரு மரம் இருந்தது, அதைத்தான் மறந்துவிட்டோம். சிங்கோனா என்பது அதன் பெயர். கொயினா மரம் என்றால் வயதானவர்களுக்கு விளங்கும். டிக்கோயா, டிம்புள்ள, பொகவந்தலாவை என்று இன்றைக்கு பச்சைப் பாய் விரித்த மாதிரி கிடக்கிற மலைகளில் ஒரு காலத்தில் இந்த மரம் காடாக நின்றது. நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் அதன் பட்டையை உரித்தார்கள்.

இன்றைக்கு அதைப் பேச எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஹக்கலைப் பூங்காவுக்குச் சுற்றுலா போய்வருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள்: “அந்தப் பட்டையை அவித்துக் குடித்தால் காய்ச்சல் போகுமாமே, சீனி வியாதிக்கும் கேட்குமாமே, உண்மையா?” கேள்வி நல்ல கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில், சீதா எலிய அம்மன் கோயிலைத் தாண்டினால் ஹக்கலை. அசோகவனம் அங்கேதான் இருந்தது என்று சனம் சொல்லும். பூங்காவை வெள்ளைக்காரன் 1861இல் திறந்தது ரோஜாப்பூவுக்காக அல்ல, சிங்கோனா நாற்று வளர்ப்பதற்காக. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குரிய மரம் அது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் அங்கிருந்து நாற்றும் விதையும் எடுத்துக்கொண்டு நீலகிரிக்கு வந்தார். மறு வருடமே இலங்கையிலும் முயற்சி தொடங்கியது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் அப்போது இருந்தவர் த்வெயிட்ஸ். நாற்று தருகிறேன், நடுங்கள் என்று துரைமாரிடம் அவர் சொல்லிப் பார்த்தார். கோப்பியில் பணம் கொட்டிக்கொண்டிருந்த நேரம். யாரும் காது கொடுக்கவில்லை.

1869இல் மடூல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி தென்பட்டது. இலைத்துரு நோய். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கோப்பி படுத்தது. 1884இல் ஓரியண்டல் பேங்க் முறிந்தது. அதற்குள்ளாகவே துரைமார் ஹக்கலைக்கு ஓடத் தொடங்கியிருந்தார்கள். 1872இல் சுமார் 500 ஏக்கராக இருந்த சிங்கோனா, 1883இல் 64,000 ஏக்கர். 1886இல் கொழும்பிலிருந்து கப்பலேறிய பட்டை ஒன்றரைக் கோடி இறாத்தல். இதில் ஒரு வேடிக்கை: கோப்பியும் சிங்கோனாவும் ஒரே குடும்பம். நம் வெட்சியும் மஞ்சணத்தியும்கூட அதே குடும்பம்தான். அண்ணன் விழுந்த இடத்தில் தம்பி வந்து நின்றான், அவ்வளவே.

தேயிலையின் தந்தை என்று நாம் சொல்கிற ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் சிங்கோனாவையும் நட்டவர். துரைமார் சங்கம் அவருக்கு ஒரு வெள்ளித் தேநீர்ப் பாத்திரத் தொகுதி பரிசளித்தது. இந்த நாட்டில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அடித்தளம் போட்டவர் என்றுதான் அதில் பொறித்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் தேயிலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

விட்டதற்குக் காரணம் விலை. எல்லாத் தோட்டமும் ஒரே நேரத்தில் பட்டையை உரித்து லண்டன் ஏலத்தில் கொட்டியது. பட்டையிலிருந்து எடுக்கிற மலேரியா மருந்துக்கும் கொயினா என்றுதான் பெயர். 1880 அளவில் அது ஓர் அவுன்ஸ் 12 ஷில்லிங். பத்து வருடத்துக்குள் ஒன்றிரண்டு ஷில்லிங்குக்கு இறங்கிவிட்டது. போதாதற்கு ஜாவாவில் டச்சுக்காரர் நட்ட இனத்தின் பட்டையில் நம்முடையதைவிடப் பல மடங்கு கொயினா இருந்தது. அந்த இனத்து விதை வந்த கதை துக்கமானது. பொலிவியாவில் மனுவேல் மமானி என்ற பழங்குடி மனிதர் நல்ல மரமாகப் பார்த்து விதை பொறுக்கி, சார்ல்ஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரியிடம் கொடுத்தார். லெட்ஜர் அதை 1865இல் டச்சுக்காரருக்கு விற்றார். வெளிநாட்டுக்கு விதை கொடுத்த குற்றத்துக்காக மமானியைச் சிறையில் போட்டு அடித்தார்கள். அந்த அடியிலேயே உயிர் போனது. விதைக்கோ ‘லெட்ஜரியானா’ என்று பெயர்.

நம் பக்கத்தில் நின்ற மரத்தில் பெரும்பகுதி செம்பட்டை இனம். ஹக்கலையில் பார்க்கலாம். இலை அகலம், நரம்பில் இளஞ்சிவப்பு ஓடும், முதிர்ந்த இலை விழுமுன் சிவக்கும். பூ சின்னது, ஓரத்தில் மெல்லிய மயிர், நல்ல வாசம். பட்டையைக் கீறினால் உள்ளே வெளுப்பாக இருக்கும். காற்றுப்பட்டதும் நம் கண் முன்னாலேயே செம்பழுப்பாக மாறும். நுனி நாக்கில் வைத்தால் கசப்பு உடனே தெரியாது. சற்று நேரம் கழித்துத்தான் தொண்டை வரைக்கும் இறங்கி, அன்றைய சோற்றைக் கெடுக்கும். (சொன்னதை நம்புங்கள், மரத்தில் கீறிப் பார்க்கவேண்டாம். அரசாங்க மரம்.)

பட்டை எடுப்பதில் பல முறை இருந்தது. மரத்தையே வெட்டி உரிப்பது ஒன்று. நின்ற மரத்தில் மேல்பட்டையைச் சீவி எடுத்து, அடியிலுள்ள பச்சைத்தோலைத் தொடாமல் விடுவது இன்னொன்று. சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். அதில் மருந்துச்சத்து கூடுதல். நீலகிரியில் மக்கைவர் என்பவர் உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரம் பட்டுப்போகும். அந்தக் கைப்பக்குவம் யாருடையது? திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலத்திலிருந்து கங்காணியோடு வந்த நம் ஆட்களுடையது. எந்தத் தோட்டத்துப் புத்தகத்திலும் அவர்கள் பெயர் தொழிலாளர் கணக்கைத் தாண்டி இல்லை.

அந்த ஆட்கள் வந்த பாதையையும் நினைத்துப் பாருங்கள். மன்னாரில் இறங்கி, வன்னிக் காடு வழியாக மாத்தளைக்கு நடை. வாந்திபேதியும் மலேரியாவும் அந்தப் பாதையில் எத்தனை பேரைத் தின்றன என்று முழுக்கணக்கு கிடையாது. மலேரியாக் காட்டைத் தாண்டி மேலே வந்து மலேரியா மருந்தை உரித்தார்கள். உரித்தது லண்டனுக்குப் போயிற்று. நுவரெலியாக் குளிரில் மலேரியா நுளம்பு தழைக்காது; நுளம்பு தழைக்கிற சூட்டில் சிங்கோனா வளராது. மரம் இருந்த இடத்தில் நோய் இல்லை, நோய் இருந்த இடத்தில் மரம் இல்லை. நடுவில் இருந்தது பணம்தான்.

அதன் விலையை 1934இல் இந்த நாடு கொடுத்தது. அந்த வருடம் மழை பொய்த்தது. களனி கங்கையும் மா ஓயாவும் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. குட்டையில் நுளம்பு பெருகியது. ஒக்டோபரில் தொடங்கிய காய்ச்சல் கேகாலை, குருணாகல் பக்கம் வீடு வீடாகப் படுக்கப் போட்டது. சுமார் 15 லட்சம் பேருக்கு நோய். சுமார் 80,000 சாவு. அப்போது உலகத்துக் கொயினாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை அனுப்பிய தீவு, கொயினாவைக் காசு கொடுத்து இறக்குமதி செய்தது. எங்கள் மலைக்கு வராத நோய்தானே என்று இங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கலாம். பட்டை உரித்த மலையும் இதுதான் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி மருந்துக்கு வருவோம்.

இந்தப் பட்டை காய்ச்சலுக்குக் கேட்கும் என்பது 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பாவுக்குத் தெரியும். பெருவில் ஒரு பிரபுவின் மனைவி இதைக் குடித்துப் பிழைத்தாள், அவள் பெயரே மரத்துக்கு வந்தது என்று பாடப்புத்தகத்தில்கூடப் போடுகிறார்கள். பெயர் வந்தது உண்மை, அவள் குடித்துப் பிழைத்தது கட்டுக்கதை. 1790இல் ஹானிமன் என்ற ஜெர்மன் வைத்தியர் இதே பட்டையைத் தன் உடம்பில் சோதித்துப் பார்த்துத்தான் ஹோமியோபதிக்கு அடி எடுத்தார். அதைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. பேசினால் வீட்டுக்குப் போக நேரமாகும்.

1820இல் பாரிஸில் பெல்லெத்தியே, காவெந்து என்ற இருவர் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியாகப் பிரித்தார்கள். பட்டையில் கொயினா மட்டும் இல்லை. கொயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என்று அதன் கூட்டாளிகளும் உண்டு. 1866 முதல் 1868 வரை பிரித்தானிய இந்தியாவில் இந்த நான்கையும் தனித்தனியே சுத்தம் செய்து, நிறுத்து, 3,600 காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்குமே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் காய்ச்சலை நிறுத்தின. நம் முன்னோரின் மண்ணில் நடந்த சோதனை அது. ஒரு மரத்து மருந்தை எப்படிச் சோதிக்கவேண்டும் என்பதற்கு இன்றைக்கும் அதை உதாரணமாகக் காட்டலாம். எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், எத்தனை பேருக்குக் கேட்கவில்லை என்று எழுதி வைத்தார்கள். நம் கைமருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்று கேள்விக்கும் விடை கிடையாது.

அது வேலை செய்யும் விதம் இது. மலேரியாக் கிருமி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து அங்குள்ள சிவப்புச் சத்தைத் தின்கிறது. தின்ற மிச்சத்தில் ஒரு நஞ்சு சேரும். கிருமி அதைக் கட்டியாக்கி ஒதுக்கி வைத்துத் தப்பிக்கிறது. கொயினா அப்படி ஒதுக்க விடாது. கிருமி தன் எச்சிலிலேயே சாகும். கவனியுங்கள்: மலேரியாக் கிருமிக்குத்தான் இந்த வைத்தியம். டெங்குக் காய்ச்சலுக்கு, எலிக்காய்ச்சலுக்கு, சளிக்காய்ச்சலுக்கு இந்தப் பட்டையால் ஒரு பயனும் இல்லை.

அளவுதான் இதில் உயிர். பெரிய ஆளுக்கு ஒரு வேளைக்குக் கொயினா 600 மில்லிகிராம் அளவில், எட்டு மணிக்கு ஒரு தடவை, ஏழு நாள் என்பது வைத்தியர்கள் கைக்கொண்ட கணக்கு. அந்த அளவிலேயே பலருக்குக் காதில் வண்டு இரைகிற மாதிரி சத்தம், தலைவலி, குமட்டல், கண் மங்கல் வரும். இதைவிடக் கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும், பார்வை போகும். ஒரே தடவையில் எட்டு கிராம் உயிரைப் பறிக்கும் என்று நூல்கள் சொல்கின்றன. அதைவிடக் குறைவிலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவில் உள்ள வரப்பு அவ்வளவு ஒடுக்கம்.

இப்போது சட்டியை அடுப்பில் வையுங்கள். பத்து கிராம் பட்டை எடுக்கிறீர்கள். செம்பட்டை இனமென்றால் அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு கொயினா இருக்கலாம். அப்போது 200 மில்லிகிராம். லெட்ஜர் இனமென்றால் நூற்றுக்குப் பத்து, ஒரு கிராம். நிறை ஒன்றுதான். மருந்தோ ஐந்து மடங்கு. மரத்தின் வயதும், அடிமரத்துப் பட்டையா கிளைப் பட்டையா என்பதும் கணக்கை மாற்றும். வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்தால் கொயினா சரியாக இறங்காது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் கூடுதலாக இறங்கும். ஆகவே “கசப்புக் குறைய ஒரு எலுமிச்சை விடுங்கள்” என்று அத்தை சொன்னதைக் கேட்டால் அளவே மாறிவிடும். இதை எந்தக் கைப்பக்குவத்தாலும் சமாளிக்க முடியாது. நிறுத்து, பரிசோதித்து, மாத்திரையாக அடித்த பிறகுதான் இந்தப் பட்டை ஒழுங்கான மருந்தானது.

யாருக்கு முற்றாக ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொயினா உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்து இரத்தச் சீனியைத் திடீரென்று இறக்கும். சீனி வியாதிக்குக் கேட்கும் என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்பியிருக்கவேண்டும். சீனி மாத்திரை போடுகிற ஒருவர் இதையும் குடித்தால் மயங்கி விழலாம். கர்ப்பிணிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், டிகொக்சின் எடுப்பவர்கள் கிட்டவே போகக்கூடாது. சிலருக்கு ஒரே வேளையில் இரத்தத் தட்டணுக்கள் சரிந்து உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி போடும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தாய்மார் இருக்கிற சபையில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கரு கலைக்க என்று கொயினாவை அள்ளிக் குடித்துக் கண்ணை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் பல நாட்டிலும் உண்டு. கரு கலையும் அளவும் தாய் சாகும் அளவும் ஏறக்குறைய ஒன்று. அப்படி ஒரு நெருக்கடியில் யாராவது உங்களிடம் வந்தால் திட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மலையேறிக் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். அதற்குக் கொயினா நல்லதென்று மேல்நாட்டில் பல காலம் கொடுத்தார்கள். பலன் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கால்பிடிப்புக்காக உயிரைப் பணயம் வைப்பது நியாயமா? அமெரிக்க மருந்து நிர்வாகம் 1994இல் அதைக் கால்பிடிப்புக்கென்று கடையில் சும்மா விற்பதை நிறுத்தியது. 2006இலும் 2010இலும் இன்னும் கடுமையாக எச்சரித்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் “கால் வலிக்கு நல்லது” என்று குப்பி ஒன்றை நீட்டினால், மேலே கொயினா அல்லது சிங்கோனா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டைத்தூளைச் சத்துமாத்திரை என்ற பெயரிலும் விற்கிறார்கள்.

டொனிக் தண்ணீர் என்று கடையில் விற்கிற பானத்திலும் கொயினா உண்டு. கடைக்காரர் ஆயிரம் ரூபாய்த் தாளைச் சோதிக்கிற ஊதா விளக்கின் கீழே அந்தப் போத்தலைப் பிடித்தால் தண்ணீர் நீலமாக ஒளிரும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அமெரிக்காவில் ஒரு லீட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் போடக்கூடாது என்று விதி. ஒரு வேளை மருந்துக்கு ஏழு லீட்டருக்கு மேல் குடிக்கவேண்டும் என்று கணக்கு வருகிறது. ஆகவே அதைக் குடித்து மலேரியா போகாது. ஒரு குவளையால் பெரும்பாலோருக்குக் கெடுதலும் இல்லை, ஏற்கெனவே கொயினா ஒத்துக்கொள்ளாதவர்களைத் தவிர.

சிங்கோனாவை இவ்வளவு திட்டிவிட்டு நம் வீட்டுச் சாமானை விட்டுவிட்டால் ஓரவஞ்சனை ஆகும். ஹட்டன் பசாரில் எந்தச் சரக்குக் கடையிலும் வெனிவெல் கட்டு கிடைக்கும். நாம் மரமஞ்சள் என்போம். பெயரில் மரம் இருந்தாலும் அது கொடி. கொத்தமல்லியோடு அவித்துக் குடிப்பது சிங்களவர், தமிழர் என்ற பேதமில்லாமல் இந்த நாட்டு வழக்கம். தடிமலுக்கு ஒரு கோப்பை குடிக்கிற பெரியவர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அந்த மஞ்சள் நிறம் பெர்பெரின் என்ற சத்து. பச்சைக்குழந்தைக்கு அது போனால் மஞ்சள்காமாலை மூளையைத் தாக்கும் அளவுக்கு முற்றலாம். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் தவிர்க்கவேண்டும். சீனி மாத்திரையோடு சேர்ந்தால் அதுவும் சீனியை இறக்கும்.

வேம்பு நுவரெலியாக் குளிரில் தழைக்காது. எண்ணெய் மட்டும் கீழேயிருந்து வந்துவிடுகிறது. வெளியே பூசலாம். குழந்தைக்கு உள்ளே புகட்டக்கூடாது. 1981இல் மலேசிய வைத்தியர்கள் இதை லான்செட் இதழில் எழுதினார்கள். சளிக்கும் சில்லறை உபாதைக்கும் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஈரலும் மூளையும் கெட்டிருந்தன. நம்மைப்போலத் தோட்டத்துக்குப் போன குடும்பங்களில் உள்ள பழக்கம் அது. அன்பினால் புகட்டியதுதான். சங்கு நிறைய அன்பு என்றாலும் எண்ணெய் எண்ணெய்தான்.

மறுபடியும் கொயினா மரத்துக்கு வருகிறேன். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன நம் சொந்தக்காரர்கள் பலர் நீலகிரியில் டான்டீ என்ற அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அங்கே நடுவட்டத்தில் பழைய கொயினாத் தொழிற்சாலை இருந்தது. வால்பாறைப் பக்கம் சிங்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் எல்லாம் தேயிலை. மரம் போன இடமெல்லாம் நம் சனமும் போயிருக்கிறது, இல்லையா?

கடைசியாக, இன்றைய நிலை. இலங்கையில் உள்ளூர் மலேரியா 2012 ஒக்டோபரில் கடைசியாகக் காணப்பட்டது. 2016 செப்டம்பர் 5இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில், நகரக் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகுகிற ஒரு புது மலேரியா நுளம்பு இனத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறவர்கள் சிலர் இன்னமும் கிருமியைக் கொண்டுவருகிறார்கள். கடும் மலேரியாவுக்குக் கூட இப்போது முதல் மருந்து கொயினா இல்லை. சீனத்து மாசிபத்திரி இனச் செடியிலிருந்து பிறந்த ஆர்ட்டிசுனேட் அதைவிடக் கூடுதலாக உயிர் காக்கிறது என்று 2005இலும் 2010இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. கொயினா பின்னால் காவல் நிற்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது சொற்பம். வெளிநாடு போய்வந்த எவருக்காவது காய்ச்சல் என்றால் கஷாயத்தோடு காத்திருக்காதீர்கள்; எங்கே போய்வந்தார் என்பதை டொக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. கிளினிக்குக்குப் போகும்போது குடிக்கிற கஷாயத்தின் பொட்டலத்தையும் மாத்திரைப் பையோடு எடுத்துப் போங்கள், கேட்காவிட்டாலும் காட்டுங்கள். ஹக்கலைக்குப் போனால் அந்த மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இதை உரித்தவர்கள் யார் என்று சொல்லிக் கொடுங்கள். பட்டையில் கை வைக்க விடாதீர்கள்.